லண்டனில் விசா இல்லாமல் நின்றவன், அக்கா மகள் சடங்குக்கு மறுபடி போகலாமா?

கந்தப்பளை லீக்ஸ் எழுதியது:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2010 செப்டம்பரில் மாணவர் விசாவில் லண்டன் போனேன். அப்போது எனக்கு 22 வயது. இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து அந்த வருடம் மட்டும் மூன்று பேர் போனோம். அம்மாவின் நகை, மாமா பேங்கில் போட்டிருந்த காசு, சீட்டுக் காசு எல்லாம் சேர்த்துத்தான் அந்தப் பயணம். கிழக்கு லண்டனில் ஒரு கோழிக்கடைக்கு மேலே இரண்டு மாடி, அதுதான் கல்லூரி. 2012-இல் வெளிநாட்டு மாணவரை எடுக்கும் அதன் லைசன்ஸ் பறிபோனது. 60 நாளுக்குள் வேறு கல்லூரி பார், இல்லாவிட்டால் கிளம்பு என்று கடிதம் வந்தது. கட்டின பீஸ் திரும்பி வரவில்லை, வேறு இடத்தில் கட்டக் காசு இல்லை. ஊரில் நகை அடகில் கிடக்கிறது. வெறுங்கையோடு வந்து தோட்டத்து லய வீட்டு வாசலில் நிற்க மனம் வரவில்லை. நின்றுவிட்டேன்.

நாலு வருடம் அப்படியே போனது. கடையில் பெட்டி தூக்கினேன், இரவில் ரொட்டி போட்டேன். 2016 நவம்பரில் அப்பா மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுத்துவிட்டார் என்று போன் வந்தது. அன்றைக்கே என் காசில் டிக்கெட் போட்டேன். ஹீத்ரோவில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கிய முத்திரை பழைய பாஸ்போட்டில் இருக்கிறது.

எட்டரை வருடம் ஓடிவிட்டது. 2018-இல் கல்யாணம், இரண்டு பிள்ளைகள். ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து லீக்ஸும் கேரட்டும் போடுகிறேன். லீசிங்கில் ஒரு பட்டா லொறி. மனைவி தோட்டத்துப் பிள்ளைக்காம்பிராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) வேலை. திரும்பவும் அங்கே போய் ஒளிந்து வாழ எனக்குப் பைத்தியமா?

விஷயம் இதுதான். ஈஸ்ட்ஹாமில் இருக்கும் அக்காவின் மகள் பெரிய பிள்ளை ஆகிவிட்டாள். ஆகஸ்ட் பள்ளி லீவில் மண்டபம் எடுத்துச் சடங்கு வைக்கிறார்கள். அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். தாய்மாமன் மாலை போடாமல், சீர்த்தட்டு வைக்காமல் என்ன சடங்கு? மச்சான் வீட்டில் ஆள் நிறைய, கேமராவும் வரும், ஹெலிகொப்டர்கூட வரும் போல. மாமன் மட்டும் வாட்ஸ்அப்பில்.

ஹட்டன் டவுனில் ஓர் ஏஜென்டைப் போய்ப் பார்த்தேன். “தம்பி, புது பாஸ்போட்டை மட்டும் காட்டுவோம். முன்பு போனாயா என்ற இடத்தில் இல்லை என்று போடுவோம். பேங்கில் 25 இலட்சம் நான் ஒரு மாதத்துக்குப் போட்டுத் தருகிறேன்” என்கிறார். மூன்று இலட்சம் கேட்கிறார். இன்னொருவர், உனக்குப் பத்து வருடத் தடை, 2026 நவம்பர் வரைக்கும் வாயே திறக்காதே என்கிறார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சும்மா வந்தவன் எழுதியது:

அண்ணே, ஏஜென்ட் சொல்வது ஒன்றும் புதிதில்லை. புது பாஸ்போட்டில் பழைய விசா எங்கே இருக்கப் போகிறது? நம்ம தோட்டங்களில் ஆயிரம் பேருக்கு ஒரே பேர். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் போய் வந்தார். உண்மை பேசுகிறேன் என்று நீங்களே போய்க் கழுத்தை நீட்டாதீர்கள்.

நியூஹாம் தம்பி எழுதியது:

மேலே எழுதியவர் கோபிக்கக் கூடாது, அது ஆளைக் குழியில் தள்ளும் ஆலோசனை. பேர் ஆயிரம் பேருக்கு ஒன்றாக இருக்கலாம், கைரேகை அப்படி இல்லை. 2010-இல் விசாவுக்குப் போனபோது கொழும்பில் பத்து விரலையும் வைத்துவிட்டுத்தானே அண்ணன் விமானம் ஏறினார்? இப்போதும் அதே பத்து விரலைத்தான் வைக்க வேண்டும். பாஸ்போட்டை மாற்றலாம், விரலை என்ன செய்வது?

நான் பொகவந்தலாவையில் பிறந்தவன். இங்கே லண்டனில் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் ஆறு வருடம் கோப்பு அடுக்கினேன். சட்டத்தரணி இல்லை, ஆனால் இந்தப் பந்தியைத் தூக்கத்திலும் சொல்வேன்.

இங்கிலாந்துக் குடிவரவு விதிகளில் விசா மறுப்புக்கான காரணங்களுக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் ஒரு பந்தியில்தான் இந்தத் தடைக் காலங்கள் இருக்கின்றன. விசா முடிந்து நின்றவர், தானாகவே, தன் சொந்தச் செலவில் கிளம்பியிருந்தால் 12 மாதம். அரசாங்கம் டிக்கெட் போட்டுத் தானாகப் போனவருக்கு இரண்டு அல்லது ஐந்து வருடம். நோட்டீஸ் கொடுத்து ஆறு மாதத்துக்குள் போனாரா, இழுத்தடித்துப் போனாரா என்பதைப் பொறுத்தது அது. பிடித்து அனுப்பப்பட்டவருக்குப் பத்து வருடம். விசா விண்ணப்பத்தில் ஏமாற்றியவருக்கும் பத்து வருடம்.

ஆக, அண்ணன் சொன்னது முழுக்க உண்மையென்றால் அவருடைய தடை 2017 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. இல்லாத தடையை மறைக்கப் பொய் எழுதி, அந்தப் பொய்யால் நிஜமாகவே பத்து வருடம் வாங்கப் போகிறார். அதற்கு மூன்று இலட்சம் வேறு! “ஏஜென்ட் எழுதியது, எனக்குத் தெரியாது” என்றும் தப்ப முடியாது. விண்ணப்பதாரருக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பொய்த் தகவல் இருந்தால் அதை வைத்தே மறுக்கலாம் என்று விதியில் இருக்கிறது.

பத்து வருடக் கதை எங்கிருந்து வருகிறது என்றால், பாதி அமெரிக்காவிலிருந்து. அங்கே 180 நாளுக்கு மேல் விசா இல்லாமல் நின்று கிளம்பினால் மூன்று வருடம், ஒரு வருடமோ அதற்கு மேலோ நின்றால் பத்து வருடம். நம் ஆட்கள் எல்லா நாட்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிடுகிறார்கள்.

டிக்கெட் மின்னஞ்சலைத் தேடி எடுங்கள். 2015 ஏப்ரலில் இருந்து இங்கே வெளியேறுகிறவர்களின் விவரத்தை விமானக் கம்பனிகள் கொடுக்கின்றன. ஹீத்ரோவில் யாரும் கேட்காவிட்டாலும் நீங்கள் கிளம்பியது பதிவாகியிருக்கும்.

ஊவாக்காரி எழுதியது:

தம்பி கந்தப்பளை, எனக்கும் இதே கதைதான். நான் 2023-இல் போய் 24 நாள் நின்று வந்தேன். விவரமாக எழுதுகிறேன், ஆனால் அதற்கு முன் இரண்டு கேள்வி. இங்கே உங்கள் பேர் யாருக்கும் தெரியாது, வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

ஒன்று, அந்த நாலு வருடத்தில் எப்போதாவது பிடிபட்டீர்களா? குடிவரவு அலுவலகத்துக்குத் தவணைக்குத் தவணை சைன் வைக்கப் போனீர்களா? இரண்டு, 2010-இல் காட்டிய பேங்க் கணக்கு நிஜமா, இல்லை அப்போதும் ஓர் ஏஜென்ட் “போட்டுத் தந்தாரா”? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது காற்றில் விட்ட அம்புதான்.

கந்தப்பளை லீக்ஸ் எழுதியது:

அக்கா, பிடித்துவிட்டீர்கள். முதல் பதிவில் அதை வேண்டுமென்றுதான் விட்டேன். மனைவிக்கே முழுக்கச் சொன்னதில்லை.

பேங்க் கணக்கு நிஜம். மாமா ஓய்வு பெற்ற காசை நிலையான வைப்பில் போட்டிருந்தார், அதைத்தான் காட்டினோம். அதில் பிரச்சினை இல்லை.

ஆனால் 2014 செப்டம்பரில் நான் வேலை செய்த கடைக்கு அதிகாரிகள் வந்தார்கள். பின்னால் குளிர் அறையில் இருந்தேன், ஓடவில்லை. முதலாளி என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டார். அப்போதெல்லாம் ஒரு ஆளுக்கு 20,000 பவுண் வரைக்கும் அபராதம் போடுவார்கள், அவரையும் குறை சொல்லி என்ன. ஓர் இரவு வைத்திருந்துவிட்டுக் கடதாசி கொடுத்து வெளியே விட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சைன் வைக்க வேண்டும். ஏழு மாதம் ஒழுங்காகப் போனேன். ஒவ்வொரு தடவையும் அந்த வரிசையில் நிற்கும்போது வயிற்றைப் பிசையும். உள்ளே போனவர் எல்லாரும் வெளியே வருவதில்லை. கூட நின்ற ஒரு பையனை அப்படியே உள்ளே வைத்துக்கொண்டார்கள். அவனுடைய பையும் சாப்பாட்டுப் பெட்டியும் என் கையில். அதற்கு அடுத்த தடவை நான் போகவில்லை. அறையை மாற்றிவிட்டேன். பிறகு ஊருக்கு வரும்வரை ஒன்றரை வருடம் பஸ்ஸில்கூட ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

இதையும் எழுத வேண்டுமா? இதை எழுதினால் யார்தான் விசா தருவார்?

நியூஹாம் தம்பி எழுதியது:

அண்ணே, இப்போது படம் மாறுகிறது. தடை மாறவில்லை, சொந்த டிக்கெட்டில்தான் போனீர்கள், 12 மாதம் 12 மாதம்தான். ஆனால் அதே விதிகளில் இன்னொரு பந்தி இருக்கிறது. தடைக் காலம் முடிந்த பிறகும், பழைய மீறலோடு கூடவே வேறு கனமான காரணம் இருந்தால் அதிகாரி மறுக்கலாம். வேறு பேரில் வாழ்ந்தது, சைன் வைக்கப் போகாதது, தலைமறைவானது எல்லாம் அதில் உதாரணமாகவே எழுதியிருக்கிறது.

“மறுக்கலாம்” என்பதைக் கவனியுங்கள். “மறுக்க வேண்டும்” என்று இல்லை. அதிகாரியின் கையில் இருக்கிறது. ஏழு மாதம் போனதும், கடைசியில் தானாகக் கிளம்பியதும், எட்டரை வருடம் ஊரில் இருந்ததும் உங்கள் பக்கம். என் கணக்கில் இப்போதே போட்டுப் பார்க்கலாம். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பொதுவாக மூன்று வாரத்தில் பதில் வரும், ஆகஸ்டுக்கு நேரம் இருக்கிறது.

ஊவாக்காரி எழுதியது:

நியூஹாம் தம்பியின் விதிகள் சரி. அவசரத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. என் கதையைக் கேளுங்கள், பிறகு முடிவெடுங்கள்.

நான் பண்டாரவளை. என் வீட்டுக்காரர் 2009-இல் மாணவராகப் போனார், நான் அவருடைய விசாவில் போனேன். 2011-இல் விசா முடிந்தது. 2015 பெப்ரவரி வரை நின்றோம். வயிற்றில் பிள்ளை, பேசாமல் ஊருக்குப் போவோம் என்று நாங்களே டிக்கெட் எடுத்து வந்தோம். சைன் எல்லாம் இல்லை, ஒரு தடவையும் பிடிபடவில்லை.

2019-இல் அண்ணனைப் பார்க்க விண்ணப்பித்தேன். மறுத்தார்கள். விசா முடிந்து நின்றீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டேன், அவ்வளவுதான், ஒரு விளக்கமும் எழுதவில்லை. “அவர்கள் கேட்டதற்குத்தானே பதில், எதற்கு நாமே வாயைக் கொடுப்பது” என்று நினைத்தேன். கணக்கில் திடீரென்று ஏழு இலட்சம் வந்திருந்தது. அது சீட்டு எடுத்த காசு, ஆனால் சீட்டுக்கு ஏது கடதாசி? மறுப்புக் கடிதத்தில் பழைய மீறலைப் பற்றி ஒரு வரி. மீதிப் பக்கம் முழுக்க அந்த ஏழு இலட்சமும், நான் திரும்பிப் போவேன் என்று நம்ப முடியவில்லை என்பதும்தான். குடும்பத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முன்பு இருந்த முறையீட்டு உரிமையை 2013-இல் எடுத்துவிட்டார்கள். அதனால் திரும்பவும் காசு கட்டித் திரும்பவும் போடுவதுதான் வழி. அந்த மறுப்பு நம்மோடு கூடவே வரும். நாளைக்குக் கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போட்டாலும் “எங்கேயாவது மறுத்தார்களா” என்று கேட்பார்கள்.

2023-இல் வேறு மாதிரிச் செய்தேன்.

முதலில் ஒரு கடிதம், இரண்டு பக்கம். எந்தத் தேதியில் போனோம், எந்தத் தேதியில் விசா முடிந்தது, எங்கே இருந்தோம், என்ன வேலை செய்தோம், எப்போது கிளம்பினோம். அழுது வடியவில்லை, நியாயமும் பேசவில்லை. தவறு என்று ஒரு வரி. தம்பி, நீங்கள் அந்தப் பையனின் சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றி இங்கே எழுதியதை அப்படியே எழுதலாம். அது சாக்கு இல்லை, நடந்தது. ஏழு மாதம் போனேன், அன்றைக்கு இதைப் பார்த்தேன், பயந்து நிறுத்தினேன், அது மீறல் என்று தெரியும், 2016 நவம்பரில் நானே கிளம்பினேன். முடிந்தது.

அடுத்தது வீடு. யாழ்ப்பாணத்து ஆளோ கொழும்பு ஆளோ காணி உறுதியை எடுத்து வைத்துவிடுவார். நம்மிடம் என்ன உறுதி? நாலு தலைமுறை இருந்த லயத்துக் காம்பிராவுக்கு ஒரு துண்டு கிடையாது. நிலம் அரசாங்கத்தினுடையது, 1992-இல் இருந்து கம்பனிகளின் கையில் குத்தகை. எங்கேயோ மேசையில் இருக்கிற விசா அதிகாரிக்கு இது எப்படித் தெரியும்? “சொந்த வீடு இல்லை, காணி இல்லை” என்றுதான் எடுப்பார். நான் இதை மூன்று வரியில் எழுதி, தோட்டத்து மனேஜரிடம் ஒரு கடிதம் வாங்கினேன்: இந்தக் குடும்பம் இத்தனை வருடமாக இந்தப் பிரிவில், இந்த இலக்கத்தில் குடியிருக்கிறது என்று. கிராம சேவகர் சான்றிதழும் வாங்கிப் பிரதேச செயலகத்தில் கையெழுத்து வைத்தேன். கிளாக்கர் ஐயா நாலு தடவை நடக்க வைத்தார், அது தனிக் கதை.

மூன்றாவது காசு. எனக்கு மூன்று மெஷின் போட்ட தையல் கடை. எல்லாம் கையில் வாங்கிக் கையில் கொடுப்பது. 2022 கடைசியில் இருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாரத்துக் காசை, எட்டாயிரமோ பதினையாயிரமோ, பேங்கில் போட்டேன். பில் புத்தகத்தில் அதே தொகை. ஆறு மாதம் அப்படிப் போட்டதும் கணக்கைப் பார்த்தாலே தையல் கடை மாதிரி இருந்தது. ஏறும், இறங்கும், தீபாவளிக்கு முன்னால் உயரும். உங்களுக்கு இன்னும் சுலபம். நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்தில் லீக்ஸ் போடும்போது துண்டு தருவார்களே, அதையெல்லாம் லொறியின் டேஷ்போர்டில் திணித்து வைத்திருப்பீர்கள். வெளியே எடுங்கள். குத்தகை ஒப்பந்தம், லீசிங் கட்டுகிற ரசீது, மனைவியின் சம்பளத் துண்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம். ஏஜென்டின் 25 இலட்சம் அந்தக் கணக்கில் விழுந்தால் வெள்ளைத் துணியில் வெற்றிலைச் சாறு துப்பினது மாதிரித் தெரியும்.

தமிழில், சிங்களத்தில் இருக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தும் வேண்டும், அவருடைய விவரத்தோடு. எனக்கு விசா காசைவிட மொழிபெயர்ப்புக் காசு கூடப் போனதோ என்று சந்தேகம்.

நான் மட்டும்தான் போனேன். வீட்டுக்காரரும் பிள்ளைகள் இரண்டும் இங்கே. சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை, என் யோசனைதான். ஹீத்ரோவில் இறங்கியதும் இருபது நிமிடம் கேட்டார்கள். விசா இருந்தாலும் கேட்பார்கள். “முன்பு ஏன் நின்றாய்?” என்று அந்த அம்மா நேராகக் கேட்டார். கடிதத்தில் எழுதியதையே சொன்னேன். இரண்டு கதை இருந்திருந்தால் அங்கே நாக்குக் குழறியிருக்கும்.

இப்போது உங்கள் விஷயம். இன்றைக்கு மே. ஆறு மாதக் கணக்கு உங்களிடம் இல்லை. அதைவிட முக்கியம், அவர்களுடைய கோப்பில் உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. பத்து வருடத்துக்கு முன் எத்தனை தடவை சைன் வைத்தோம் என்று சரியாகச் சொல்ல முடியுமா? நீங்கள் ஏழு மாதம் என்று எழுதி, கோப்பில் ஐந்து என்று இருந்தால்? பிரிட்டிஷ் உள்துறை அமைச்சிடம் உங்கள் கோப்பின் நகலைக் கேட்கலாம். இலவசம். இங்கிருந்தே, இணையத்திலேயே கேட்கலாம். வழக்கமாக ஒரு மாதத்தில் தர வேண்டும், சில நேரம் இழுக்கும். அது வந்த பிறகு தேதி பார்த்து எழுதுங்கள். ஆகஸ்டுக்கு ஓடினால் அரைகுறையாக ஓடுவீர்கள்.

நியூஹாம் தம்பி எழுதியது:

கோப்பு நகல் விஷயத்தில் அக்கா சொல்வது சரி, நான் அதைச் சொல்லாமல் விட்டது தப்பு. அது இல்லாமல் போடாதீர்கள். ஆகஸ்ட் பற்றி என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன்.

மஸ்கெலியா மழை எழுதியது:

எதற்கு இவ்வளவு பாடு? அக்கா மகளை இங்கே கூட்டி வரச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் பாஸ்போட்டுக்கு இணையத்திலேயே அனுமதி கிடைக்கும். மாரியம்மன் கோவில் மண்டபம், தப்பு மேளம், தோட்டமே திரளும். ஈஸ்ட்ஹாம் மண்டபத்தில் இரவு பதினொன்றுக்கு லைட்டை அணைத்துவிடுவான். பிள்ளைக்கும் தாத்தாவைப் பார்த்த மாதிரி இருக்கும்.

கந்தப்பளை லீக்ஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள், லீக்ஸுக்கு நல்ல விலை போனது, ராத்திரி பகலாக லொறியில்.

மஸ்கெலியா அண்ணே, நீங்கள் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, மண்டபத்துக்குக் கட்டிய அட்வான்ஸை உங்களிடம் வாங்கித் தரச் சொன்னார். ஆனால் அடுத்த வருடம் தைப் பொங்கலுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதாகப் பேச்சு. அப்பா இன்னும் படுக்கையில்தான், பேத்தியைக் கண்ணால் கண்டதில்லை.

ஏஜென்டிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். கொடுத்த முற்பணம் பத்தாயிரம் போனது போனதுதான். மனைவியிடம் சைன் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பையனுடைய பையை என்ன செய்தீங்க?” என்று கேட்டாள். அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவனுடைய அறைக்காரனிடம் கொடுத்ததாகத்தான் ஞாபகம்.

ஆகஸ்டுக்கு நான் போகவில்லை. பெரியம்மா மகன் குரொய்டனில் இருக்கிறான், முறைக்கு அவனும் மாமன்தான், அவன் மாலை போடுவான். ஒரு பவுன் சங்கிலியும் சேலையும் அடுத்த மாதம் அந்தப் பக்கம் போகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். இங்கே வியாழக்கிழமை தோறும் பேங்குக்குப் போகத் தொடங்கிவிட்டேன். முதல் தடவை 18,400 ரூபாய். கவுண்டரில் இருந்த பிள்ளை, “என்ன மாமா, திடீரென்று?” என்று கேட்டது.

கோப்பு நகலுக்கு விண்ணப்பம் எழுதும்போது ஒரு சிக்கல், ஊவா அக்காவிடம்தான் கேட்க வேண்டும். 2010 பாஸ்போட்டில் அப்பாவின் பேர் ஒரு எழுத்தில், இப்போது எடுத்த பாஸ்போட்டில் வேறு எழுத்தில். பிறப்புச் சான்றிதழில் தோட்டத்துக் கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதியது மூன்றாவது. எந்தப் பேரில் கேட்பது?

ஊவாக்காரி எழுதியது:

தம்பி, நம் ஊரில் ஒரே எழுத்தில் பேர் உள்ளவன் எவன்? என் அப்பாவுக்கு நாலு.

அவர்கள் உங்களை 2010 பாஸ்போட்டில் இருந்த பேரில்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதே பேரையும் அந்தப் பாஸ்போட் இலக்கத்தையும் முதலில் போடுங்கள். இப்போதைய பேரை அதற்குக் கீழே, “இப்படியும் எழுதப்படும்” என்று. இரண்டு பாஸ்போட்டின் படப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். 2014-இல் பிடித்த நேரம் கொடுத்த கடதாசி ஏதாவது மிச்சம் இருந்தால் அதில் ஓர் இலக்கம் இருக்கும், அதையும் எழுதினால் சீக்கிரம் தேடி எடுப்பார்கள்.

விசாவுக்குப் போடும்போது மட்டும் ஒரு சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள், மூன்று விதமாக எழுதிய இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று. சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்தால் சரி. எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள், எனக்கு அதிலேயே நாலாவதாக ஒரு பேர் புதிதாக வந்துவிட்டது, திரும்ப அடிக்க வேண்டியிருந்தது.

பதில் மின்னஞ்சலில்தான் வரும். குப்பை மின்னஞ்சல் பெட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள், என்னுடையது அங்கேதான் பதினொரு நாள் கிடந்தது.